உஹதுக்குப் புறப்பட்ட தந்தை

ஹிஜ்ரி 3-ம் ஆண்டு (கி.பி. 625) ஷவ்வால் மாதம். பத்ருக் களத்தில் அடைந்த தோல்விக்குப் பழிதீர்க்கக் குறைஷியர் 3,000 பேர் கொண்ட படையுடன் வந்து, மதீனாவின் வடக்கே உஹது மலையருகில் பாளையம் இறங்கியிருந்தனர். அந்நாட்களின் ஓர் இரவில், பனூ ஸலிமா கிளையாரின் குடியிருப்பில், தந்தை ஒருவர் தம் மகனைத் தம்மருகே அழைத்தார்கள். தந்தை, ஹஜ்ரத் அப்துல்லாஹ் பின் அம்ர் பின் ஹராம் (ரலி) அவர்கள். மகன், பிற்காலத்தில் ஹதீதுக் கலையின் தூண்களில் ஒருவராய் விளங்கிய ஹஜ்ரத் ஜாபிர் (ரலி) அவர்கள்.

ஜாபிர் (ரலி) அவர்களை உலகம் அறியும். அவர்களை வீட்டில் நிறுத்திவிட்டுத் தாம் போர்க்களம் சென்ற தந்தையின் வரலாற்றை நம்மில் பலர் நின்று நிதானித்துப் பார்ப்பதில்லை.

அப்துல்லாஹ் (ரலி) அவர்கள் கஸ்ரஜ் குலத்துப் பிரமுகர்களுள் ஒருவர். ஹிஜ்ரத்துக்கு முன், கி.பி. 622-ல், ஹஜ்ஜுக்கென மக்கா சென்ற மதீனத்துக் கூட்டத்தில் அன்னாரும் இருந்தார்கள். அப்போது அன்னார் இஸ்லாத்தில் இல்லை. உடன் சென்ற முஸ்லிம்கள் தங்கள் இரகசியத்தை அன்னாரிடம் திறந்து வைத்து, இத்தகைய பெருமகன் நாளை நரகுக்கு விறகாவதைத் தாங்கள் விரும்பவில்லை என்று பரிவோடு எடுத்துரைத்தனர். அன்னார் இஸ்லாத்தைத் தழுவினார்கள். அகபாவில் பெருமானார் (ஸல்) அவர்களின் கரம்பற்றி உறுதிமொழி அளித்தார்கள். அங்கு நியமிக்கப்பெற்ற பன்னிரு தலைவர்களுள் ஒருவராகவும் ஆனார்கள். மகன் ஜாபிரும் அந்த இரவில் தந்தையுடன் இருந்தார்கள். அன்று முதல் உஹது வரை மூன்றாண்டுகள்கூட நிறையவில்லை.

அன்னாரின் வீட்டு நிலை எளிதானதன்று. பெண்மக்கள் பலர். ஒன்பது பேர் என்றும், ஏழு பேர் என்றும், ஆறு பேர் என்றும் அறிவிப்புகள் உள்ளன. தந்தையை அடுத்து அவர்களுக்கு ஆண் துணை ஜாபிர் ஒருவரே. அவரோ இருபது வயதையும் எட்டாத இளைஞர். போதாக்குறைக்குத் தலைமேல் கடன் வேறு இருந்தது.

இந்நிலையில் போருக்குச் செல்பவர் யார்? வீட்டைக் காப்பவர் யார்?

இவ்விடத்தில் மார்க்கச் சட்டத்தைச் சற்று நினைவிற் கொள்வது நலம். எதிரி ஊருக்குள் புகுந்துவிட்டால் போரிடுவது ஒவ்வொருவர் மீதும் கடமையாகும். அதனை பர்ளு ஐன் என்பர். ஏனைய வேளைகளில் அது பர்ளு கிஃபாயா. போதிய பேர் சென்றுவிட்டால் மற்றவர் மீதிருந்து கடமை நீங்கிவிடும். அவ்வேளைகளில் பெற்றோரின் அனுமதியும், தவணை வந்த கடனுக்கு உரியவரின் அனுமதியும் இன்றிப் புறப்படலாகாது என்று நம் இமாம்கள் வகுத்துள்ளனர். போருக்கு அனுமதி கோரி வந்த ஒருவரிடம், பெற்றோர் உயிருடன் உள்ளனரா என்று வினவி, உள்ளனர் என்றதும், அவர்களுக்குப் பணிவிடை செய்வதிலேயே பாடுபடுமாறு திருப்பியனுப்பியவர்கள் நம் பெருமானார் (ஸல்) அவர்கள். ஷஹீதின் பிழைகள் யாவும் மன்னிக்கப்படும், கடனைத் தவிர என்று எச்சரித்தவர்களும் அவர்களே.

ஆகவே வீட்டுக் கடமையை அற்பமென எண்ணி அப்துல்லாஹ் (ரலி) அவர்கள் புறப்பட்டார்கள் என்று எவரும் கருதிவிடலாகாது. இரு கடமைகளையும் எதிரெதிரே நிறுத்திப் பார்த்தார்கள். இத்தனை பெண்மக்களை ஆண் துணையின்றி விட்டுவிட்டு இருவரும் செல்வது தகாது. பெருமானாருடன் நின்று போரிடும் பேற்றில் மகனைத் தமக்கு முன் வைக்கவும் தமக்கு மனமில்லை. ஆதலின் தாமே செல்வதென்றும், மகன் சகோதரிகளுடன் இருப்பதென்றும் முடிவு செய்தார்கள். பத்ரிலும் இவ்வாறே தாம் சென்று மகனைத் தடுத்திருந்தார்கள். இளமைத் துடிப்பு மிக்க ஜாபிருக்கு அது எத்துணைக் கசப்பாய் இருந்திருக்கும்! ஆயினும் தந்தை சொல்லை அவர்கள் மீறவில்லை.

அந்த இரவில் அன்னார் மகனிடம் மனம் திறந்தார்கள். நபித்தோழர்களில் முதலில் கொல்லப்படுவோருள் தாமும் ஒருவராய் இருப்பதாகத் தமக்குத் தோன்றுகிறது என்றார்கள். பெருமானாரைத் தவிர மகனைவிடத் தமக்கு அருமையானவர் எவருமில்லை என்றார்கள். பிறகு இரண்டு காரியங்களை ஒப்படைத்தார்கள். தம் கடனை அடைத்துவிட வேண்டும்; சகோதரிகளிடம் நல்ல முறையில் நடந்துகொள்ள வேண்டும். வஸிய்யத் அவ்வளவுதான்.

படை புறப்பட்டது. இடைவழியில் நயவஞ்சகன் அப்துல்லாஹ் பின் உபை முந்நூறு பேருடன் பின்வாங்கினான். ஆயிரம் பேர் எழுநூறாய்க் குறைந்தனர். அப்போது திரும்பிச் செல்வோரின் பின்னே சென்று, அல்லாஹ்வை அஞ்சுங்கள், எதிரி முன்னிற்கும் வேளையில் உங்கள் நபியையும் உங்கள் மக்களையும் கைவிடாதீர்கள் என்று மன்றாடியவர்கள் நம் அப்துல்லாஹ் (ரலி) அவர்களே. வீட்டில் மகளிரைப் பிரிந்து வந்த அந்தத் தந்தைக்கு, மக்களைக் கைவிடுவதென்பதன் பொருள் நன்கு தெரிந்திருந்தது. அவர்கள் செவிசாய்க்கவில்லை. அன்னார் தனியே திரும்பி வந்து அணியில் சேர்ந்துகொண்டார்கள்.

அன்னார் எண்ணியவாறே நிகழ்ந்தது. அன்றைய ஷஹீத்கள் சுமார் எழுபது பேருள் முதல்வராய் அன்னார் வீழ்ந்தார்கள். எதிரிகள் உடலையும் சிதைத்திருந்தனர். ஜாபிர் (ரலி) அவர்கள் தந்தையின் முகத்தை மூடிய துணியை விலக்கி விலக்கிப் பார்த்து அழுதார்கள். தந்தையின் சகோதரியும் அழுதார்கள். அழுதாலும் அழாவிட்டாலும், உடல் எடுக்கப்படும்வரை வானவர்கள் தம் இறக்கைகளால் நிழலிட்டுக்கொண்டே இருந்தனர் என்று பெருமானார் (ஸல்) அவர்கள் ஆறுதல் கூறினார்கள்.

அன்னாருடன் ஒரே கப்ரில் அடக்கம் செய்யப்பெற்றவர் மைத்துனரும் உற்ற தோழருமான ஹஜ்ரத் அம்ர் பின் ஜமூஹ் (ரலி) அவர்கள். அவர் முடமானவர், சிங்கங்களையொத்த நான்கு மைந்தர்கள் இருந்தனர். மைந்தர்கள் தாங்கள் போதும் என்று தந்தையைத் தடுத்தனர். பெருமானார் (ஸல்) அவர்கள் அவருக்குக் கடமையில்லை என்று தெளிவுறுத்தி, அவரது ஆவலைக் கண்டபின், தடுக்க வேண்டாமென மைந்தர்களிடம் கூறினார்கள். ஒரு தந்தை மகனைத் தடுத்தார். மற்றொரு தந்தையை மைந்தர்கள் தடுத்தனர். இருவரையும் ஒரே மண் ஏற்றுக்கொண்டது.

உஹதுக்கு மறுநாள், எதிரியைப் பின்தொடர்ந்து ஏறத்தாழ எட்டு மைல் தொலைவிலுள்ள ஹம்ராவுல் அஸதுக்குப் படை கிளம்பிற்று. முந்திய நாள் களத்தில் இருந்தவர்கள் மட்டுமே வரலாம் என்பது கட்டளை. ஜாபிர் (ரலி) அவர்கள் தந்தை தம்மை நிறுத்திய காரணத்தை எடுத்துரைத்து அனுமதி கோரினார்கள். அவர்களுக்கு அனுமதி கிடைத்தது. அதன் பின் எந்தப் போரிலும் அவர்கள் பின்தங்கியதில்லை.

ஒருநாள் ஜாபிர் (ரலி) அவர்கள் வாடிய முகத்துடன் இருப்பதைக் கண்டு பெருமானார் (ஸல்) அவர்கள் காரணம் வினவினார்கள். தந்தை ஷஹீதாகிவிட்டார், குடும்பத்தையும் கடனையும் விட்டுச் சென்றார் என்றார்கள். அதற்குப் பெருமானார் (ஸல்) அவர்கள் ஒரு நற்செய்தி கூறினார்கள். வல்ல நாயன் அவரது தந்தையுடன் திரையின்றி உரையாடினான். வேண்டியதைக் கேட்கச் சொன்னான். மீண்டும் உலகுக்குச் சென்று மறுபடியும் இறைவழியில் கொல்லப்பட வேண்டும் என்று அவர் கேட்டார். சென்றவர் திரும்புவதில்லை என்பது தன் விதி என இறைவன் அறிவித்தான். ஷஹீத்களை இறந்தோர் என எண்ணலாகாது என்னும் ஆலஇம்ரான் அத்தியாயத்தின் 169-ம் திருவசனம் இதையொட்டியே அருளப்பெற்றதாக ஹதீது கூறுகிறது.

கடன் இலேசில் தீரவில்லை. தோட்டத்துப் பேரீச்சம்பழங்களை எடுத்துக்கொண்டு கணக்கை முடிக்கக் கடன்காரர்கள் மறுத்தனர். பெருமானார் (ஸல்) அவர்கள் பரிந்துரைத்தும் இணங்கவில்லை. பின்னர் அவர்களே தோட்டத்துக்கு வந்து, வகைவகையாய்க் குவித்த பழங்களினருகே அமர்ந்து அளந்து கொடுக்கச் செய்தார்கள். கடன் முழுதும் தீர்ந்தது, பழமும் எஞ்சிற்று.

சகோதரிகளைப் பற்றிய வஸிய்யத்தோ ஜாபிரின் வாழ்க்கையையே மாற்றியது. கன்னிப்பெண்ணை மணக்காமல், முன்பே மணமாகியிருந்த ஒரு பெண்ணை மணந்தார்கள். பெருமானார் (ஸல்) அவர்கள் ஏனென்று கேட்டபோது, சகோதரிகளின் வயதையொத்த இன்னொரு சிறுமியை வீட்டுக்குக் கொண்டுவர விரும்பவில்லை; அவர்களுக்குத் தலைவாரி, ஒழுங்கு கற்பித்துப் பேணும் ஒருத்தியே தேவை என்றார்கள். பெருமானார் (ஸல்) அவர்கள் அதை மெச்சி வாழ்த்தினார்கள்.

தந்தையின் தடையால் பத்ரும் உஹதும் தவறிய அந்த மகனார், ஏறத்தாழ ஹிஜ்ரி 78 வரை நெடுங்காலம் வாழ்ந்தார்கள். ஒரேயொரு ஹதீதைச் செவியுற ஒட்டகமேறி ஒரு மாத காலம் ஷாம் தேசத்துக்குப் பயணம் செய்தார்கள். 1,540 ஹதீதுகள் அவர்கள் வழியே நமக்குக் கிடைத்துள்ளன.

அன்பர்களே! பிள்ளைகுட்டி உடையவர் உயர்ந்த காரியங்களுக்குப் புறப்படலாகாது என்பது இவ்வரலாற்றின் பாடமன்று. உயர்ந்த காரியத்தின் பெயரால் பிள்ளைகளை நடுத்தெருவில் விடலாம் என்பதும் அன்று. புறப்படுமுன் வீட்டுக்கு ஓர் ஆளை நிறுத்தி, கடனை மறைக்காமல் சொல்லி, பெண்மக்களை ஒருவர் கையில் அமானிதமாய் ஒப்படைத்த பிறகே அப்துல்லாஹ் (ரலி) அவர்கள் வாசற்படியைத் தாண்டினார்கள். ஹஜ்ஜுக்கோ தொழிலுக்கோ நெடும்பயணம் மேற்கொள்ளும் நாமும் அந்த இரவை ஒருமுறை எண்ணிப் பார்ப்போமாக! கடனும் அமானிதமும் நம் கழுத்தில் தொங்கும் நிலையில் நம்மை அழைத்துக்கொள்ளாமல் வல்ல நாயன் காத்தருள்வானாக! ஆமீன்.