விழியில் வில்லை அமைத்த ரிட்லி

கண்ணில் சிறு தூசி விழினும் நாம் பொறோம். இமை துடிக்கும், நீர் பெருகும், விழி சிவக்கும். இத்துணை மென்மையான உறுப்பினுள் அயற்பொருள் ஒன்றை வைத்துப் பார்வை தரலாம் என்று கண்டவர் ஹெரால்டு ரிட்லி என்னும் ஆங்கில மருத்துவர்.

இவர் 1906-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் லெஸ்டர்ஷயர் பகுதியில் பிறந்தார். தந்தையாரும் கண் மருத்துவரே. கேம்பிரிட்ஜிலும் இலண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையிலும் பயின்று, புகழ்மிக்க மூர்பீல்ட்ஸ் கண் மருத்துவமனையில் அறுவை மருத்துவராய் அமர்ந்தார்.

அந்நாளில் கண்புரை முற்றியோர்க்கு, ஒளி மங்கிய வில்லையை அகற்றிவிடுவர். அதன்பின் கனத்த மூக்குக்கண்ணாடி அணிந்தாலன்றி எதுவும் தெளிவாய்த் தெரியாது. அணிந்தாலோ பொருள்கள் பருத்துத் தோன்றும். பக்கப் பார்வையும் குன்றும். இது பாதி மருத்துவமே என்று ரிட்லி கருதினார்.

1940 ஆகஸ்டில், இரண்டாம் உலகப்போரின்போது, இங்கிலாந்தின் வானில் ஜெர்மானியருடன் கடும்போர் நிகழ்ந்தது. போர் விமானங்களில் வானோடியின் தலைக்கு மேலிருந்த மூடி பெர்ஸ்பெக்ஸ் என்னும், கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்கால் ஆயது. குண்டு பட்டு அம்மூடி சிதறவே, அதன் துணுக்குகள் கார்டன் கிளீவர் என்னும் வானோடியின் கண்களில் பாய்ந்தன. இவர் போன்றோரை ஆராய்ந்த ரிட்லி வியத்தகு செய்தி ஒன்றை அறிந்தார். இரும்புத் துணுக்கோ செம்புத் துணுக்கோ உள்ளே தங்கினால் நாளடைவில் விழி கெடும். பெர்ஸ்பெக்ஸ் துணுக்குகளோ, அவற்றின் கூர்முனை விழியின் அசையும் பகுதியில் உரசாதவரை, ஆண்டுக்கணக்காகத் தீங்கின்றிக் கிடந்தன. கண்ணின் திசு அவற்றைப் பகையாகக் கொள்ளவில்லை.

பின்னர், கண்புரை அறுவையை உடனிருந்து கண்ட மாணவர் ஒருவர், எடுத்த வில்லைக்கு ஈடாக வேறொன்று வையாதது ஏன் என்று வினவினார். அவ்வினா ரிட்லியின் எண்ணத்தைச் செயலுக்குத் தூண்டியது. தூய்மை மிக்க பெர்ஸ்பெக்ஸில் வில்லை ஒன்று செய்வித்தார். 1949 நவம்பர் 29 அன்று செயின்ட் தாமஸ் மருத்துவமனையில், 45 அகவையுள்ள பெண்மணி ஒருவர்க்கு அறுவை செய்தார். 1950 பிப்ரவரியில் வில்லை நிலையாக வைக்கப்பெற்றது. கண் அதனை ஏற்றது. ஆயினும் கணக்குப் பிழைத்தது. இயற்கை வில்லையின் வடிவத்தையே பின்பற்றியிருந்தனர். பெர்ஸ்பெக்ஸோ ஒளியை மிகுதியாய் வளைப்பது. ஆதலின் அவர்க்குக் கடுமையான கிட்டப்பார்வை உண்டாயிற்று.

இம்முயற்சியை மறைவாகவே வைத்திருந்த ரிட்லி, 1951-இல் ஆக்ஸ்போர்டு மாநாட்டில் வெளியிட்டார். எதிர்ப்புப் பெரிதாயிற்று. அயற்பொருளைக் கண்ணினின்று எடுப்பதன்றோ மருத்துவன் கடமை என்றனர். கண் மருத்துவத்தில் தலைசிறந்து விளங்கிய டியூக்-எல்டர், ரிட்லியின் நோயாளிகளைப் பார்க்கவும் மறுத்தார். எதிர்த்தோர் அனைவரையும் பொறாமையாளர் எனல் தகாது. சிலர்க்கு வில்லை இடம்பெயர்ந்தது; சிலர்க்கு அழற்சி கண்டது; விழியழுத்தம் மிகுந்து துன்புற்றோரும் உளர். கிருமி நீக்கப் பயன்படுத்திய மருந்தின் எச்சம் வில்லையில் தங்கி அழற்சியைத் தூண்டியதும் பின்னரே விளங்கிற்று. பொருள் தீங்கற்றதாயினும், அதன் எடையும் விளிம்பும் தூய்மையும் திசுவைத் தாக்கும் என்பது இவ்வாறு தெரியவந்தது.

ரிட்லி தளரவில்லை. 1966-இல் பீட்டர் சாய்ஸ் என்பாரோடு சேர்ந்து, இத்துறை மருத்துவர்க்கென ஒரு கழகம் நிறுவினார். வில்லைகள் சிறுத்தன, எடை குறைந்தன, அறுவையும் எளிதாயிற்று. 1992 முதல் நம் மதுரையிலும் அரவிந்த் கண் மருத்துவமனையைச் சார்ந்த ஆரோலேப் இவ்வில்லைகளைக் குறைந்த விலையில் செய்து வருகிறது.

1971-இல் ரிட்லி பணி ஓய்வு பெற்றார். இராயல் கழகம் 1986-இல்தான் அவரை உறுப்பினராக்கியது. சர் பட்டம் வந்தபோது ஆண்டு 2000. முதுமையில் அவர்க்கும் கண்புரை கண்டது. தாம் முதல் வில்லையை வைத்த அதே செயின்ட் தாமஸ் மருத்துவமனையில், தம் இரு கண்களிலும் வில்லை வைக்கப்பெற்றார். 2001 மே 25 அன்று, 94-ஆம் அகவையில் காலமானார்.