பெஸ்டலோசி என்னும் பேராசான்

ஆசிரிய கலாசாலையிற் பயின்று வெளிவந்த எவரும் பெஸ்டலோசி என்னும் பெயரை அறிவர். அறிந்த விதந்தான் சிறிது வருத்தந் தருவது. கல்வித் தத்துவம் என்னும் பாடத்திலே, ரூசோவுக்குப் பின்னும் புரோபலுக்கு முன்னும், அரைப்பக்கக் குறிப்பாக அவர் வந்து போவார். பொருளைக் கண்டு கற்றல், எளியதிலிருந்து அரியதற்குச் செல்லல், தலை கை நெஞ்சு மூன்றையும் ஒருங்கே வளர்த்தல் என்றிவற்றை மனனஞ் செய்து, பரீட்சை மண்டபத்தில் எழுதிவிட்டு, அம்மண்டபத்து வாயிலிலேயே அவரையும் விட்டுவிட்டு வருவோம். நாமும் அங்ஙனஞ் செய்தவர்களே. பின்னொருகால் வேறொரு காரணம் பற்றி அவர் வாழ்க்கையைத் தேடிப் படிக்க நேர்ந்தது. அக்காரணத்தைப் பின்னர்க் கூறுவோம். விழாக் காலத்திற் பரீட்சைப் பேறுகளையும் விளையாட்டு வெற்றிகளையும் எண்ணி மகிழ்தல் முறையே. அதனைச் செவ்வனே செய்வோர் இம்மலரிற் பலருளர். நாமோ தோல்விகளையே பெரும்பாலுஞ் சந்தித்த ஓர் ஆசிரியரின் சரிதையைச் சொல்லப் புகுகின்றோம்.

யோகான் ஹைன்ரிக் பெஸ்டலோசி சுவிற்சர்லாந்தின் சூரிச் நகரிலே 1746ஆம் ஆண்டு தை மாதம் 12ஆந் திகதி பிறந்தார். தந்தையார் சத்திர வைத்தியர். பெஸ்டலோசிக்கு ஐந்து வயதாகும்போதே அவர் காலமானார். இறக்குந் தறுவாயில் அவர் தம் வீட்டுப் பணிப்பெண்ணாகிய பாபெலி என்பவளை அழைத்து, தம் மனைவியையும் மக்களையும் கைவிடாதிருக்குமாறு வேண்டினார். அவளும் வாக்களித்தாள்; அளித்த வாக்கின்படி இறுதிவரை அக்குடும்பத்தை விட்டகலாதிருந்தாள். மரக்கறி மலிவாய்க் கிடைக்கும் நேரம் பார்த்துச் சந்தைக்குச் செல்வாள். சப்பாத்துத் தேயும், உடை கிழியும் என்று பிள்ளைகளைத் தெருவில் விளையாடவும் விடாள். இவ்வாறு அடைபட்டு வளர்ந்தமையாற் பெஸ்டலோசி கைத்திறனும் உலகியலறிவும் இல்லாதவராய், சகமாணவரின் நகைப்புக்கு ஆளானார். ஆயினும், எழுத்தறிவு மிகுதியாயில்லாத ஒரு பணிப்பெண்ணின் உண்மையுள்ளத்தை அவர் முதுமையிலும் மறந்தாரல்லர். நல்லொழுக்கம் நூலாலன்றி உடனுறையும் ஒருவரது அன்பாற் பிள்ளையின் நெஞ்சிற் பதிவது என்னும் கொள்கைக்கு வித்து அவ்வீட்டிலேயே விழுந்தது போலும்.

கிராமத்துக் குருவாயிருந்த பாட்டனாரோடு ஏழைகளின் வீடுகளுக்குச் சென்று வந்த பழக்கம் மற்றொரு வித்து. ஊக்கத்தோடு துள்ளித் திரிந்த சிறுவர், பஞ்சு நூற்கும் ஆலைவேலைக்குச் சென்ற சில ஆண்டுகளில் முகம் வெளிறி, கண்ணொளி குன்றிப் போவதை அவர் கண்டார். குருவாகலாமென எண்ணிப் பயின்றார், அது கைகூடவில்லை. சட்டம் பயில முயன்றார், அதுவும் நிலைக்கவில்லை. இறுதியிற் கமத்தொழிலை நாடினார். 1769இல் அன்னா சுல்தெஸ் என்னுஞ் செல்வர் வீட்டு மங்கையை, அவள் பெற்றோரின் விருப்பத்துக்கு மாறாக மணந்து, பிர் என்னுஞ் சிற்றூரின் அருகே நொய்ஹோப், அஃதாவது புதுப்பண்ணை எனப் பெயரிட்டு ஒரு நிலத்தைத் திருத்தினார். நம்மூர்ச் சாயவேர் போல வேரிலிருந்து செஞ்சாயந் தரும் ஒரு செடியைப் பயிரிட எண்ணினார். நிலம் வாய்க்கவில்லை; கடன் வளர்ந்தது.

தாமே வறுமையில் வீழ்ந்துகொண்டிருந்த அந்நிலையிற்றான், 1774 அளவில், வீதியில் இரந்து திரிந்த பிள்ளைகளை அழைத்து வந்து தம் வீட்டைப் பள்ளியாக்கினார். அப்பிள்ளைகள் வயலில் வேலை செய்தனர், நூல் நூற்றனர், நூற்கும்போதே வாசிப்புங் கணக்குங் கற்றனர். அவர்கள் உழைப்பாலே பள்ளியை நடத்திவிடலாமென்பது அவர் எண்ணம். இவ்வெண்ணம் பிழைத்தது. புதுச்சட்டை கிடைத்ததும் பிள்ளையைத் திருப்பியழைத்துச் சென்ற பெற்றோரும் உளர். 1780இற் பள்ளி மூடப்பட்டது. மனைவியின் செல்வமும் அழிந்தது. ஊரார் அவரைப் பித்தரென்றனர். பழைய கணக்குப் புத்தகத்தின் வெற்றிடங்களிலே அவர் எழுதியதெனச் சொல்லப்படும் ‘லெயன்ஹார்ட்டும் கேர்ட்ரூட்டும்’ என்னுங் கதை 1781இல் வெளிவந்து பெரும்புகழ் தந்தது. குடியிலாழ்ந்த ஒரு கொத்தனின் மனைவி, தன் பிள்ளைகளை வீட்டிலிருந்தே நல்வழிப்படுத்தி, அதனால் ஊரையுந் திருத்தும் கதை அது. யாவரும் அதனைக் கதையாய்ப் படித்துச் சுவைத்தார்களேயன்றி, அதனுள்ளிருந்த கல்விக் கருத்தைக் கண்டவர் சிலரே.

இவ்விடத்தில், பெஸ்டலோசியைப் போற்றுவோர் பலர் விரைந்து கடந்துபோகும் ஒரு செய்தியை நாம் நின்று சொல்லல் வேண்டும். அவருக்கு ஒரே மகன். ரூசோவின் பெயரையே அவனுக்கு இட்டார். ‘எமில்’ என்னும் நூலிற் கண்டவாறே அவனை வளர்க்க முற்பட்டார். இயற்கையே ஆசான் என விட்ட பிள்ளை, பதினொரு வயதாகியும் எழுத வாசிக்கச் செவ்வையாய் அறியாதிருந்தான். தந்தையார் ஒருகால் அளவு கடந்து நெகிழ்ந்தும், ஒருகால் அளவு கடந்து கண்டித்தும் தடுமாறினார். வலிப்பு நோயால் வருந்திய அம்மகன் 1801இல் முப்பத்தொரு வயதளவில் இறந்தான். ஊரார் பிள்ளைகளுக்கெல்லாந் தந்தையானவர் தம் பிள்ளைக்கு நல்லாசிரியராக அமையவில்லை. இதனைக் குற்றமாகச் சொல்கின்றோமல்லம். பிறர் நூலிற் கண்ட கொள்கையைக் கண்முன் நிற்கும் பிள்ளையின்மீது அப்படியே ஏற்றுதல் எத்துணை இடர் தருமென்பதை அவர் தம் வீட்டிலேயே கற்றார். எளியதிலிருந்து தொடங்கு, பிள்ளையின் ஆற்றலை உற்றுநோக்கு, அதன் அளவறிந்து அடுத்த படி வை என்று அவர் பிற்காலத்திற் கண்ட நெறியின் பின்னே அம்மகனின் முகம் நின்றதென்றே நாம் கருதுகின்றோம்.

ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அவருக்குக் கற்பிக்கப் பள்ளி வாய்க்கவில்லை. 1792இற் பிரான்சிய தேசசபை அவருக்குக் கௌரவக் குடியுரிமை அளித்தது. ஆனால் அவர் வேண்டியது ஒரு வகுப்பறை. அஃது ஒரு கொடிய போரின் பயனாகக் கிடைத்தது. 1798இற் பிரான்சியர் துணையோடு சுவிற்சர்லாந்தில் நிறுவப்பட்ட புதிய ஆட்சிக்கு நிட்வால்டென் மக்கள் பணிய மறுத்தனர். அவ்வாண்டு புரட்டாதி 9ஆந் திகதி பிரான்சியப் படை புகுந்து ஊர்களை எரித்தது; நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். அநாதைகளாய் விடப்பட்ட பிள்ளைகளுக்கென ஸ்டான்ஸ் என்னும் ஊரிலிருந்த கன்னியர் மடத்தின் ஒரு பகுதியில் இல்லமமைக்க அரசு முடிவு செய்து, பெஸ்டலோசியை அனுப்பியது. அப்போது அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. ஊராரோ கத்தோலிக்கர், அவர் புரட்டஸ்தாந்தர். தங்கள் வீடுகளை எரித்தவர்களின் ஆட்சி அனுப்பிய ஆளென்றும், வேற்றுச் சமயத்தவரென்றும் அவரை அவர்கள் வெறுத்தமை இயல்பே.

1799 தை 14ஆந் திகதி முதற் பிள்ளைகள் வந்தனர். கட்டட வேலை முடிந்திருக்கவில்லை. சுவர்ச் சுண்ணாம்பின் ஈரமுங் காயவில்லை. பிள்ளைகளோ சொறியும் சிரங்கும் பேனும் நிறைந்தவராய், எலும்புந் தோலுமாய், எவரையும் நம்பாத கண்களோடு வந்தனர். நாளடைவில் எண்பது பேரளவிற் பெருகினர். உதவிக்கு இருந்தவள் ஒரு வீட்டுப் பணிப்பெண் மட்டுமே. பெஸ்டலோசி அவர்களோடு உண்டார், அவர்கள் நடுவிலே உறங்கினார், புண் கழுவினார், காலையில் முதலில் எழுந்து இரவிற் கடைசியாகப் படுத்தார். புத்தகமில்லை, கருவிகளில்லை. பலரை ஒருங்கே கற்பிக்க வேண்டியிருந்தமையால், சற்று அறிந்த பிள்ளை அறியாத பிள்ளையின் தோளில் கைபோட்டுக்கொண்டு சொல்லிக்கொடுக்கும் முறை தானாகவே தோன்றியது.

அறக்கல்வி பற்றிய அவர்தங் கொள்கை அங்கேதான் உருப்பெற்றது. முதலில் உபதேசஞ் செய்தாரல்லர். பசியுள்ள பிள்ளைக்கு உணவும் குளிரால் நடுங்கும் பிள்ளைக்கு உடையும் கொடுத்து, அன்பு என்பது இன்னதென அதன் உடம்பே அறியச் செய்தார். அதன்பின் பொறுமை, அமைதி, பிறர்க்குதவல் ஆகியவற்றைச் சிறு சிறு செயல்களாற் பழக்கினார். அறம் என்னுஞ் சொல்லைப் பேசியது இவையிரண்டின் பின்னரேயாம். பங்குனி கழிந்து சித்திரை தொடங்கியதும், அல்ட்டோர்ப் என்னும் அயலூர் தீக்கிரையாயிற்று. பெஸ்டலோசி பிள்ளைகளைச் சூழ நிறுத்தி, அவ்வூர்ப் பிள்ளைகளிற் சிலரை இங்கு அழைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். அவர்கள் உடனே உவந்தனர். அவர் விடவில்லை. பணமில்லை, அவர்கள் வந்தால் உங்கள் உணவு குறையும், வேலை கூடும், உடையையும் பகிர வேண்டிவரும், நன்றாய் எண்ணிச் சொல்லுங்கள் என்று ஒவ்வொன்றாய் எடுத்துரைத்தார். எண்ணிய பின்னரும் அழைத்து வாருங்கள் என்றே அப்பிள்ளைகள் கேட்டனர். சில மாதங்களுக்கு முன் ஒரு துண்டு ரொட்டிக்காக ஒருவரையொருவர் அடித்துக்கொண்ட பிள்ளைகள் இவர்கள். இதற்கு மேலான பரீட்சைப் பேறு எந்தப் பாடசாலையின் பதிவேட்டில் உளது?

அவர் அடிக்கவே இல்லை என்று சொல்வதற்கில்லை. ஸ்டான்சிற் சிலவேளை அடித்ததை அவரே ஒளிக்காது எழுதியுள்ளார். பின்னர்க் கையை நீட்டுவார், அப்பிள்ளையும் பற்றிக்கொள்ளும். பிரம்பை விரும்பும் ஆசிரியர் இதனைச் சான்றாகக் காட்டலாம். ஆனால், இரவும் பகலும் பிள்ளையோடு வாழும் தாய் தந்தையர்க்குப் பொருந்துவது, சில மணிநேரம் வந்து போகும் ஆசிரியர்க்குப் பொருந்தாது என்பதையும் அவரே கூடவே சொல்லிவைத்தார்.

முன்னர்க் கூறுவோமென்ற காரணத்தை இங்கே கூறுவோம். 2010ஆம் ஆண்டில் வன்னிப் பகுதியிலுள்ள ஒரு பாடசாலையில் நாம் கற்பித்தோம். தரம் 7 மாணவர்க்கு எனது குடும்பம் என்னும் பொருளிற் கட்டுரை எழுதப் பணித்தோம். ஒரு பையன் மூன்று நாளும் வெறுந்தாளையே கொண்டுவந்தான். மூன்றாம் நாள் அடிமட்டத்தால் உள்ளங்கையில் அடித்தோம். அவன் கையை இழுக்கவுமில்லை, அழவுமில்லை. அம்மம்மாவோடு மட்டும் இருக்கும் பிள்ளை அவன், முந்திய ஆண்டுப் போரில் ஏனையோர் எல்லாரும் போய்விட்டனர் என்பதை அன்று மாலை சக ஆசிரியை ஒருவர் சொல்லியே அறிந்தோம். அவ்வகுப்பில் அவனைப்போல் இன்னும் நால்வர் இருந்தனர். பயிற்சிச் சான்றிதழ் பெற்றிருந்தோம். பாடக்குறிப்பும் ஒழுங்காய் எழுதியிருந்தோம். அந்த விடுமுறையிலேதான் ஸ்டான்ஸ் பற்றி முழுமையாய்ப் படித்தோம்.

அப்பள்ளி ஐந்து திங்களே நிலைத்தது. 1799 ஆனி 8ஆந் திகதி, காயமுற்ற படைவீரர்க்கு மருத்துவமனை வேண்டுமென்று கட்டடம் எடுத்துக்கொள்ளப்பட்டது. பிள்ளைகளிற் பலருக்கு உடையுஞ் சிறிது பணமுங் கொடுத்து அனுப்பிவிட்டு, இளைத்துக் களைத்தவராய்ப் பெஸ்டலோசி மலைச்சுனையொன்றின் அருகே ஓய்வுக்குச் சென்றார். அங்கிருந்து ஒரு நண்பருக்கு எழுதிய நெடுங்கடிதமே ஸ்டான்சைப்பற்றி நாம் அறிவதற்கெல்லாம் மூலம்.

பிந்திய புகழைச் சுருங்கச் சொல்லலாம். அவ்வாண்டே பேர்க்டோர்ப் என்னும் ஊரிற் சப்பாத்துத் தைப்பவர் ஒருவர் நடத்திய பள்ளியிலே, அவர்க்குக் கீழ்ப்பட்ட உதவியாசிரியராய் அமர்ந்தார். கிழவர் எம் பிள்ளைகளை வைத்துச் சோதனை செய்கின்றார் என்று பெற்றோர் முறையிட, அங்கிருந்தும் அகற்றப்பட்டார். பின்னர் அவ்வூர்க் கோட்டையிலே தமக்கெனப் பள்ளி கிடைத்தது. சுவரில் தொங்கிய பழந்திரையின் கிழிசல்களைக் காட்டி, எத்தனை கிழிசல், நீண்டதா வட்டமா, அதனூடே என்ன தெரிகின்றது எனப் பிள்ளைகளைக் கண்டு சொல்லச் செய்தாராம். எண், வடிவம், சொல் என்னும் மூன்றிலிருந்தே எல்லா அறிவுந் தொடங்கும் என்பது அவர் முறை. 1801இல் வெளிவந்த ‘கேர்ட்ரூட் தன் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் விதம்’ என்னும் நூல் இதனை விரிக்கும். 1805 முதல் 1825 வரை இவர்டன் கோட்டையில் நடந்த பள்ளியைக் காண ஐரோப்பாவெங்குமிருந்து மக்கள் வந்தனர். புரோபல் 1808 முதல் ஈராண்டு அங்குத் தங்கினார். சென்னையில் மணலிலெழுதிப் படித்த பிள்ளைகளைக் கண்டு சட்டாம்பிள்ளை முறையை இங்கிலாந்துக்குக் கொண்டுசென்ற அன்ட்ரூ பெல் என்பாரும் 1816இல் வந்து பார்த்தார். அவருக்கு இது மனங்கொள்ளவில்லை. பாடமொப்புவிக்கும் ஒழுங்கையே பெரிதெனக் கருதியவர்க்கு இப்பள்ளியின் ஆரவாரம் ஒழுங்கீனமாகவே தோன்றியிருக்கும்.

புகழ் வந்தது, அமைதி வரவில்லை. வருவோர்க்குக் காட்சிகாட்டும் இடமாயிற்று பள்ளி. முறை என்பது பல இடங்களில் உயிரற்ற ஒப்புவிப்பாய்ப் போயிற்று. அதனை அவரே உணர்ந்து வருந்தினார். 1815இல் மனைவி இறந்தபின், நீடரர், சிமிட் என்னும் உதவியாசிரியர் இருவரின் பூசல் நீதிமன்றம்வரை சென்றது. இடையே 1818இல், தம் நூற்றொகுதிக்குக் கிடைத்த பணத்தைக் கொண்டு அருகிலே மீண்டும் ஏழைப் பிள்ளைகளுக்கென ஒரு பள்ளி திறந்தார். அதுவும் தனித்து நிலைக்கவில்லை. எழுபத்திரண்டு வயதிலும் அவர் மனம் நொய்ஹோப்பையும் ஸ்டான்சையும் விட்டகலவில்லை என்பதற்கு இஃதொன்றே போதும்.

1825இல் இவர்டனை மூடிவிட்டு நொய்ஹோப்புக்கே திரும்பினார். 1827 மாசி 17ஆந் திகதி புரூக் என்னும் ஊரிற் காலமானார். பிர் கிராமத்துப் பள்ளிக்கூடத்தின் அருகே அவரை அடக்கஞ் செய்தனர். அவர் பிறந்து நூறாண்டு நிறைந்த 1846இல் அங்கே புதிய பள்ளிக் கட்டடம் எழுந்தபோது, அவரது நினைவுச் சின்னத்தை அப்பள்ளியின் சுவரிலேயே அமைத்தனர். அவ்வூர்ப் பிள்ளைகள் அதனைக் கடந்தே வகுப்புக்குச் சென்றனர்.