வலிப்பு நின்ற பிறகு

1849 டிசம்பர் 22. பீற்றர்ஸ்பேர்க் மைதானத்தில் கைதிகளுக்கு மரண தண்டனை வாசிக்கப்பட்டது. முதல் மூவரைக் கம்பங்களில் கட்டினார்கள். அடுத்த மூவரில் ஒருவராக, 28 வயதான எழுத்தாளர் தஸ்தயேவ்ஸ்கி நின்றார். துப்பாக்கிகள் குறிபார்த்த பிறகே தண்டனை குறைக்கப்பட்டதாக அறிவித்தார்கள். எல்லாம் முன்கூட்டியே திட்டமிட்ட நாடகம். அன்று நின்றவர்களில் ஒருவருக்குப் புத்தி பேதலித்துப் போனது.

பிறகு ஓம்ஸ்க் சிறையில் கால் விலங்குடன் நான்கு வருடங்கள். அவருக்கு முதல் வலிப்பு வந்தது 1850இல் என்கிறது பின்னாளைய மருத்துவச் சான்றிதழ். அந்த மைதானம்தான் நோயைக் கொடுத்தது என்று சொல்லிவிட முடியாது. இளமையிலேயே அவரிடம் பதற்றமும் சாவுப் பயமும் இருந்தன.

1857இல் மரியாவை மணந்து திரும்பும் வழியில், புது மனைவியின் கண்ணெதிரே வலிப்பு வந்து விழுந்தார். வெறும் நரம்புக் கோளாறு என்று நம்பியிருந்தவருக்கு, இது வலிப்பு நோயேதான் என்று வைத்தியர் சொன்னார். முன்பே தெரிந்திருந்தால் கலியாணமே செய்திருக்க மாட்டேன் என்று அண்ணனுக்கு எழுதினார்.

மரியா இறந்த பின், 1867இல் அன்னாவை மணந்தார். கணவரின் தலையை மடியில் தாங்கிய அன்னாவின் குறிப்புகளில்தான் மற்றப் பாதி இருக்கிறது. வலிப்பு சில நிமிடங்களில் நின்றுவிடும். அதன் பிறகு பல நாட்கள் மனம் இருண்டு கிடக்கும். பெயர்கள் மறக்கும். செய்யாத பெருங்குற்றமொன்றைச் செய்துவிட்டது போன்ற உணர்வு அழுத்தும். செத்துப்போவேன் என்ற பயத்தில், தனியே விடாதே என்று கேட்பார்.

நம் வீடுகளிலும் கையில் இரும்பைக் கொடுத்து, வலிப்பு நின்றதும் பெருமூச்சு விடுகிறோம். அடுத்த நாள் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பவரைச் சோம்பேறி என்கிறோம். வலிப்புள்ளவர்களிடம் மனச்சோர்வும் பதற்றமும் மற்றவர்களைவிட அதிகம் என்பது இன்று மருத்துவம் அறிந்த விடயம். அதற்குச் சிகிச்சையும் உண்டு. அவருக்கு அது கிடைக்கவில்லை. வலிப்பு வந்த நாட்களைக் குறிப்பேட்டில் எழுதிவைத்தார், அவ்வளவுதான்.

1878 மே மாதம், மூன்று வயது நிறையாத மகன் அலியோஷா வலிப்பு வந்து இறந்தான். தன் நோயே பிள்ளைக்குப் போனது என்ற எண்ணம் தகப்பனை உருக்கியது. அன்னாவின் ஏற்பாட்டில் ஒப்தினா மடத்துக்குப் போய், அங்கு ஒரு முதிய துறவியைச் சந்தித்துத் திரும்பினார்.

அடுத்து எழுதிய 'கரமசோவ் சகோதரர்கள்' நாவலின் நாயகனுக்கு அலியோஷா என்றே பெயர். அதில் அதே வயதுப் பிள்ளையை இழந்த தாயொருத்தி துறவியிடம் வருகிறாள். அவளை அவர் தேற்றுவதில்லை, அழச் சொல்கிறார்.