பனித்தளத்தில் ஒரு வீராங்கனை

தமிழ்நாட்டில் குளிர்ச்சிக்குப் பெயர்பெற்ற ஊர்களுள் ஓசூரும் ஒன்று. எனினும், மார்கழி விடியலிலும் அங்குள்ள இராமநாயக்கன் ஏரியின்மீது மூடுபனி கவியுமேயன்றி, நீர் உறைவதில்லை. ஐரோப்பாவின் குளிர்நாடுகளிலோ ஏரிகள் பாறைபோல் இறுகிவிடும். அந்நாட்டு மக்கள் எஃகு அலகு பொருத்திய காலணிகளை அணிந்து, அவற்றின்மீது சறுக்கி ஆடுவர். எட்டு, மூன்று முதலிய எண்களின் வடிவங்களைப் பனிக்கட்டியின்மேல் பிழையின்றிக் கீறிக் காட்டுவது அக்கலையின் அடிப்படையாக இருந்தது. அக்கலையில் ஆடவரோடு நிகராகப் போட்டியிட்டுப் புகழ்பெற்றவர் மாட்ஜ் சையர்ஸ் அம்மையார்.

அம்மையார் 1881ஆம் ஆண்டு இலண்டன் மாநகரில் பிறந்தார். இளமையிலேயே நீந்துவதிலும் குதிரை ஏறுவதிலும் தேர்ச்சி பெற்றார். 1899இல் எட்கார் சையர்ஸ் என்னும் சறுக்காட்ட வல்லுநரைச் சந்தித்தார். உடலை விறைப்பாக நிறுத்தி ஆடும் ஆங்கில முறையை விடுத்து, தடையின்றி இயங்கும் ஐரோப்பிய முறையை அவரிடம் பயின்றார். மறு ஆண்டில் இருவரும் மணம்புரிந்துகொண்டனர்.

1902இல் உலகச் சறுக்காட்டப் போட்டி இலண்டனில் நடைபெற்றது. அதுவரை அப்போட்டியில் ஆடவரே கலந்துகொண்டனர். ஆயினும், பெண்கள் சேரலாகாது என்னும் விதி ஏதும் இல்லை. பெண்ணொருத்தி வருவாள் என எவரும் எண்ணவில்லை. அதனால் விதியும் எழுதப்படவில்லை. அம்மையார் துணிந்து பெயர் கொடுத்தார். மூன்று ஆடவரோடு போட்டியிட்டு, சுவீடன் நாட்டு உல்ரிக் சால்கோவுக்கு அடுத்த இடத்தைப் பெற்றார்.

இவ்வெற்றிக்குக் கிடைத்த பரிசு விந்தையானது. 1903இல் பன்னாட்டுச் சறுக்காட்டக் கழகம் பெண்கள் அப்போட்டியில் கலந்துகொள்வதைத் தடைசெய்தது. நீண்ட பாவாடை பாதங்களை மறைப்பதால் நடுவர்கள் ஆட்டத்தை மதிப்பிட இயலாது என்பது கூறப்பட்ட காரணங்களுள் ஒன்று. அம்மையார் சோர்ந்துவிடவில்லை. கணுக்காலுக்கு மேல் நிற்கும் பாவாடை அணிந்தே ஆடினார். 1903இல் ஆடவரும் பெண்டிரும் ஒருங்கே கலந்துகொண்ட பிரிட்டானியப் போட்டியில் முதலிடம் பெற்றார். அடுத்த ஆண்டில் தம் ஆசானாகிய கணவரையே வென்று, மீண்டும் முதல்வரானார்.

பின்னர்ப் பெண்களுக்கெனத் தனிப் போட்டி ஏற்படுத்தப்பட்டது. 1906இலும் 1907இலும் அதில் வாகை சூடியவர் அம்மையாரே. 1908இல் இலண்டன் ஒலிம்பிக் பந்தயத்தில் சறுக்காட்டம் முதன்முறையாக இடம்பெற்றது. நடுவர் ஐவரும் ஒருமனதாக அம்மையாருக்கே முதலிடம் அளித்தனர். தங்கப் பதக்கத்தோடு, கணவருடன் இணைந்து ஆடிய ஆட்டத்திற்கு வெண்கலப் பதக்கமும் பெற்றார்.

அதன்பின் உடல்நலம் குன்றியதால் போட்டிகளிலிருந்து விலகினார். இதயநோயால் 1917ஆம் ஆண்டு தமது 35ஆம் வயதில் மறைந்தார். தடைவிதி கண்டு அவர் வாதிட்டுக் காலம் போக்கவில்லை, ஆடிக் காட்டினார். இன்று உலகப் பனித்தளங்களில் ஆடும் பெண்கள் யாவரும் அவர் கீறிய தடத்தின் வழியே வந்தவர்கள்.