ஜி.டி.நாயுடு பைக் கற்ற கதை: டெஸ்ட்டில் 8 போடப் போகிறவர்களுக்கு இதில் என்ன இருக்கிறது?

பெரம்பலூர் நகரத்துக்கு ரயில் கிடையாது. பஸ்ஸை விட்டால் பைக்தான். பக்கத்து அரியலூரில் ரயில் நிலையம் உண்டு. ஆனால் அங்கே சிமென்ட் ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிப் போகும் லாரிகளுக்கு நடுவேதான் பைக் ஓட்டணும். அதனால் இந்த இரண்டு மாவட்டங்களிலும் வேலை கிடைத்த கையோடு பலர் தேடுவது லைசென்ஸைத்தான். லீவு கிடைக்கிற நாலைந்து நாளில் பயிற்சியை முடித்து, ஆர்.டி.ஓ. மைதானத்தில் 8 போட்டு, கார்டை வாங்கிவிடணும் என்பதுதான் திட்டம்.

நாலைந்து நாள் பயிற்சி போதுமா? ஒரு தொழிலைக் கற்க எவ்வளவு காலம் வேண்டும் என்ற கேள்விக்காகப் பதவியையே விட்டவர் ஒருவர் கோவையில் இருந்தார். அவர் ஜி.டி.நாயுடு. அவருடைய இயந்திர வாழ்க்கை தொடங்கியதே ஒரு பைக்கில்தான்.

யார் இந்த ஜி.டி.நாயுடு?

கோபாலசாமி துரைசாமி நாயுடு 1893 மார்ச் 23 அன்று கோவை அருகே கலங்கல் கிராமத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். பள்ளிப் படிப்பு ஆரம்ப வகுப்புகளோடு நின்றுவிட்டது. 'இந்தியாவின் எடிசன்' என்று பின்னால் பெயர் வாங்கியவர் கையில் எந்தப் பட்டமும் இல்லை. கோவை அவிநாசி சாலையில் 2025 அக்டோபரில் திறக்கப்பட்ட 10.1 கி.மீ. நீள மேம்பாலத்துக்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்.

இளைஞராக இருந்தபோது ஆங்கிலேய வருவாய்த் துறை அதிகாரி ஒருவர் ஓட்டி வந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளை அவர் பார்த்தார். மாட்டு வண்டியும் குதிரை வண்டியும் ஓடிய ஊரில், இழுக்க எந்த மிருகமும் இல்லாமல் ஒரு வண்டி ஓடியது. அதை வாங்கியே தீரணும் என்று கோவைக்குப் போய் ஓட்டலில் சர்வர் வேலைக்குச் சேர்ந்தார். சம்பளத்தைச் சேர்த்துவைத்து, கடைசியில் ஒரு ரட்ஜ் வண்டியை வாங்கியும்விட்டார்.

வண்டியை வாங்கி என்ன செய்தார்?

பிரித்துப் போட்டார்! நட்டு, போல்ட், செயின் என்று ஒவ்வொன்றாகக் கழற்றி, எது எதோடு சேர்கிறது என்று பார்த்து, மறுபடியும் பூட்டினார். சொல்லிக்கொடுக்க ஆசிரியர் இல்லை. அந்த வண்டியே அவருக்குப் பள்ளிக்கூடம் ஆனது. இதற்குப் பிறகுதான் அவர் மெக்கானிக் ஆனார்.

இது வெறும் ஆர்வக் கோளாறு இல்லை. அந்தக் காலத்து மோட்டார் சைக்கிள்களில் செல்ஃப் ஸ்டார்ட் கிடையாது. இன்ஜினுக்குள் தீப்பொறி எந்த நேரத்தில் விழணும் என்பதைக்கூட ஓட்டுகிறவரே லீவரைத் தள்ளிச் சரிசெய்யணும். நடுவழியில் நின்றுபோனால் ஷோரூமுக்கு போன் செய்ய முடியாது. இன்ஜின் தெரியாதவரால் அந்த வண்டியில் ஊர் போய்ச் சேர முடியாது.

பைக்கில் இருந்து பஸ்ஸுக்கு

இடையில் பருத்தித் தொழிலில் இறங்கிச் சம்பாதித்தார், பம்பாய் வரை போய் நஷ்டமும் பட்டார். திரும்பி வந்தவரைக் கரை சேர்த்தது வண்டிதான். 1920-ல் ஒரு பஸ் வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே அவரே ஓட்டினார். அந்த ஒற்றை பஸ்தான் யு.எம்.எஸ். என்ற பெரிய போக்குவரத்து நிறுவனமாக வளர்ந்தது.

அதன் பிறகு அவர் கை வைக்காத துறை குறைவு. 1937-ல் பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து இந்தியாவிலேயே மின் மோட்டார் தயாரித்தார். மின்சார ஷேவிங் ரேசர், பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயில் ஓடும் மின்விசிறி என்று பட்டியல் நீளும். 1952-ல் 2,000 ரூபாய்க்கு இரண்டு பேர் போகும் கார் ஒன்றை உருவாக்கினார். அரசு உரிமம் கொடுக்காததால் அது சாலைக்கு வரவில்லை.

4 ஆண்டா, 2 ஆண்டா?

கோவையில் ஹோப் காலேஜ் என்று பஸ்ஸில் டிக்கெட் எடுப்பவர்கள் பலருக்கும் அந்தப் பெயரின் கதை தெரியாது. அன்றைய சென்னை மாகாண கவர்னர் ஆர்தர் ஹோப் பெயரில் 1945-ல் அங்கே தொழிற்கல்வி நிறுவனங்கள் தொடங்கின. அதற்குக் காரணமாக இருந்தவர்களில் முக்கியமானவர் நாயுடு. அந்தப் பொறியியல் கல்லூரிதான் பின்னால் வேறு இடத்துக்கு மாறி, இன்றைய அரசு தொழில்நுட்பக் கல்லூரி ஆனது.

அங்கே முதல்வராக இருந்த நாயுடுவுக்கு 4 ஆண்டுப் படிப்பு பிடிக்கவில்லை. அது காலத்தை வீணாக்குகிறது, 2 ஆண்டே தாராளம் என்பது அவர் கட்சி. குறுகிய காலப் பயிற்சித் திட்டங்களையும் முன்வைத்தார். ஆங்கிலேய அரசு ஏற்கவில்லை. அவர் பதவியை விட்டு விலகினார்.

அப்படியானால் அவர் அவசரக்காரரா? அவர் கற்ற விதத்தைப் பார்த்தால் அப்படிச் சொல்ல முடியாது. ஒரு வண்டிக்காக ஓட்டலில் வேலை பார்த்துக் காத்திருந்தவர் அவர். வாங்கியதும் ஓட்டிப் பார்த்ததோடு விடாமல் கடைசி நட்டு வரை கழற்றியவர். படிக்கும் காலத்தைக் குறைக்கச் சொன்னாரே தவிர, கையால் செய்து பழகும் வேலையைக் குறைக்கச் சொல்லவில்லை.

டெஸ்ட்டுக்குத் தயாராகிறவர்களுக்கு

இன்றைய சட்டப்படி எல்.எல்.ஆர். கிடைத்து 30 நாள் கழித்துத்தான் லைசென்ஸ் டெஸ்ட்டுக்குப் போக முடியும். எல்.எல்.ஆர். 6 மாதம் செல்லும். டெஸ்ட்டில் தவறினால் 7 நாள் காத்திருக்கணும். மூன்று முறை தவறினால் 60 நாள். அந்த முதல் 30 நாளைச் சும்மா விடுவதா, வண்டியோடு பழகுவதா என்பதில்தான் பாதி டெஸ்ட் இருக்கிறது.

நாயுடு மாதிரி வண்டியைக் கழற்ற வேண்டியதில்லை. ஆனால் கிளட்ச் எந்த இடத்தில் பிடிக்கிறது, பிரேக் லீவர் எவ்வளவு தூரம் வெறுமனே போகிறது, செயின் தளர்ந்திருக்கிறதா, டயரில் காற்று சரியா என்பதை நாமே பார்க்கலாம். டெஸ்ட்டுக்கு எந்த வண்டியில் போகிறோமோ, அதே வண்டியில் பழகுவது நல்லது.

8 போடும்போது பலர் காலை ஊன்றுவது வேகம் கூடியதால் இல்லை, வண்டி நின்றுபோவதால்தான். சின்ன கியரில் கிளட்ச்சைப் பாதி பிடித்து, பின் பிரேக்கை லேசாகத் தொட்டபடி போனால் வண்டி நிதானமாக வளையும். ஹேண்டில் திரும்பியிருக்கும்போது முன் பிரேக்கை அழுத்தினால் வண்டி சாயும். பார்வை முன் சக்கரத்தில் இருக்கக் கூடாது, அடுத்து திரும்ப வேண்டிய இடத்தில் இருக்கணும்.

ஹெல்மெட்டைப் பயிற்சியின் முதல் நாளிலேயே போடுங்கள். சட்டப்படி பின்னால் உட்காருபவருக்கும் அது கட்டாயம்.

நாயுடு 1974 ஜனவரி 4 அன்று, 80 வயதில் காலமானார். அவர் இளமையில் வண்டி ஓடிய சாலைகளில் எதிரே வந்தது பெரும்பாலும் மாட்டு வண்டி. இன்று பெரம்பலூர் வழியாகப் போகும் சென்னை - திருச்சி நான்கு வழிச் சாலையில் 8 போடச் சொல்ல யாரும் நிற்க மாட்டார்கள். லாரி திடீரென்று பிரேக் போடும்போது கையும் காலும் யோசிக்காமல் சரியாக வேலை செய்யணும். எத்தனை நாள் பயிற்சி என்பதைவிட, அந்த நாட்களில் எத்தனை மணி நேரம் வண்டியோடு இருந்தோம் என்பதுதான் அப்போது கைகொடுக்கும்.