குலியெல்மோ மார்க்கோனி

குலியெல்மோ மார்க்கோனி (ஏப்ரல் 25, 1874 – ஜூலை 20, 1937) கம்பியில்லாத் தந்தி முறையை நடைமுறைக்குக் கொண்டுவந்த இத்தாலியப் பொறியியலாளரும் தொழில் முனைவோரும் ஆவார். 1909 ஆம் ஆண்டு இயற்பியலுக்கான நோபல் பரிசை ஜெர்மானியரான கார்ல் பெர்டினண்ட் பிரவுனுடன் பகிர்ந்து கொண்டார். வானொலியைக் கண்டுபிடித்தவர் என இவரைக் குறிப்பிடுவது வழக்கம். எனினும் ஹெர்ட்ஸ், லாட்ஜ், ஜகதீஷ் சந்திர போஸ் முதலியோரின் ஆய்வுகளின் மீதே இவரது பணி எழுந்தது.

வாழ்க்கை

மார்க்கோனி பொலோனா நகரில் செல்வக் குடும்பத்தில் பிறந்தார். தாயார் அயர்லாந்தைச் சேர்ந்தவர். பல்கலைக்கழகப் பட்டம் பெறாத இவர், 1895 இல் குடும்ப மாளிகையில் வான்கம்பியை உயர்த்தியும் மறுமுனையை நிலத்துடன் இணைத்தும், இடையில் குன்று மறைத்த நிலையிலும் ஏறத்தாழ 2 கிலோமீட்டர் தொலைவுக்குக் குறிப்புகளை அனுப்பினார். 1896 இல் இங்கிலாந்து சென்று காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்; மறு ஆண்டு தமது நிறுவனத்தைத் தொடங்கினார். 1901 டிசம்பர் 12 அன்று இங்கிலாந்திலிருந்து அட்லாண்டிக் கடலைக் கடந்து வந்த குறிப்பை நியூபவுண்ட்லாந்தில் கேட்டதாக அறிவித்தார். பகல் வேளையில் அது இயன்றிருக்குமா என்பது இன்றும் விவாதத்திற்குரியது.

கப்பல்களின் வலையமைப்பு

மார்க்கோனியின் கருவிகள் பெரிதும் பயன்பட்டது கடலில்தான். எட்டும் தொலைவுக்குள் வந்த கப்பல்கள் நடுநிலையம் எதுவுமின்றித் தமக்குள் நேரடியாகச் செய்தி பரிமாறின. தொலைவிலுள்ள நிலையத்துக்குரிய செய்தியை இடைப்பட்ட கப்பல் வாங்கி அனுப்பியது. நிலையான கட்டமைப்பு இல்லாத இன்றைய தற்காலிகக் கம்பியில்லா வலையமைப்புகளின் அடிப்படையும் இதுவே. அவற்றில் வழியைத் தேர்வது மென்பொருள். அன்று அதைச் செய்தவர் தந்தியாளர்.

இத்தகைய வலையமைப்பு ஒவ்வொரு கணுவும் பிறர் செய்தியை ஏற்பதைப் பொறுத்தது. மார்க்கோனி நிறுவனமோ, ஆபத்துக் காலம் தவிர, பிற நிறுவனக் கருவிகளுடன் தொடர்பு கொள்ளத் தன் தந்தியாளர்களுக்குத் தடை விதித்திருந்தது. வணிக நோக்கில் இது விளங்கக்கூடியதே, கடற்பயணிகளுக்கு நன்மையன்று. இதுபற்றி 1903 இல் பெர்லினில் கூடிய மாநாட்டில் பிரித்தானியாவும் இத்தாலியும் உடன்படவில்லை. 1906 ஆம் ஆண்டு உடன்படிக்கையே, எந்த முறைக் கருவியாயினும் கப்பல்களும் கரையோர நிலையங்களும் செய்தி பரிமாற வேண்டும் என வகுத்தது.

1912 ஏப்ரலில் டைட்டானிக் மூழ்கியபோது இவ்வமைப்பின் ஆற்றலும் குறையும் ஒருங்கே வெளிப்பட்டன. அதன் தந்தியாளர்கள் இருவரும் மார்க்கோனி நிறுவன ஊழியர்கள். அவர்களது அழைப்பைக் கேட்டு வந்த கார்பேத்தியா கப்பல் 700 பேருக்கு மேல் மீட்டது. அதன் கருவியின் எட்டுதிறன் குறைவாதலால், தப்பியோர் பட்டியலை ஒலிம்பிக் கப்பல் இடைநின்று கரைக்கு அனுப்பியது. அருகில் இருந்த கலிபோர்னியன் கப்பலோ எதையும் கேட்கவில்லை. அன்றிரவு அது அனுப்ப முயன்ற பனிக்கட்டி எச்சரிக்கையை, பயணிகளின் தந்திகளைக் கரைக்கு அனுப்பிக் கொண்டிருந்த டைட்டானிக் தந்தியாளர் இடையூறாகக் கருதித் தடுத்துவிட்டார். பின்னர் கலிபோர்னியனின் ஒரே தந்தியாளர் கருவியை நிறுத்திவிட்டு உறங்கச் சென்றார். கப்பல்களில் இடையறாது செவிமடுக்கும் கடமை இதன் பின்னரே பன்னாட்டு விதியாயிற்று.

பிற்காலம்

1920களில் மார்க்கோனி சிற்றலைத் தொடர்பில் ஈடுபட்டார். 1923 இல் பாசிசக் கட்சியில் சேர்ந்தார்; 1930 இல் இத்தாலிய அரச கழகத்தின் தலைவரானார். 1937 இல் உரோமில் காலமானபோது, உலகின் பல வானொலி நிலையங்கள் இரண்டு நிமிடம் ஒலிபரப்பை நிறுத்தி அஞ்சலி செலுத்தின.