பாம்புக்கு மரகத மாலை அணிவித்த அல்பிரூனி

கனிமவியலின் தந்தை யார் என்று கேட்டால் ஜெர்மனியின் அக்ரிகோலாவைச் (1494–1555) சொல்வார்கள். சுரங்க ஊரில் மருத்துவராக இருந்தபடியே கற்களை ஆராய்ந்த அவரது உழைப்பை நாம் மதிக்கிறோம். ஆனால் அவருக்கு சுமார் 500 ஆண்டுகளுக்கு முன்பே கற்களை எடைபோட்டு, சோதித்து, எழுதி வைத்த ஒரு முஸ்லிம் அறிஞரை நம் பிள்ளைகளில் பலர் அறியவில்லை. அவர்தான் அபூ ரைஹான் அல்பிரூனி.

கி.பி. 973-ல், இன்றைய உஸ்பெகிஸ்தானைச் சேர்ந்த குவாரிஸ்ம் பகுதியில் பிறந்தார். 1017-ல் அந்நாட்டைக் கைப்பற்றிய கஸ்னி மஹ்மூத், அவரைக் கஸ்னிக்குக் கொண்டு சென்றார். பின்னர் இந்தியாவுக்கு வந்த அல்பிரூனி, சமஸ்கிருதம் கற்று, இங்குள்ள மக்களின் கல்வியையும் வழக்கங்களையும் பற்றி 1030 வாக்கில் ஒரு பெருநூல் எழுதினார்.

கூம்பு வடிவப் பாத்திரத்தில் நீர் நிரப்பி, அதில் கல்லையோ உலோகத்தையோ இடுவார். வழிந்த நீரை எடைபோட்டு, போட்ட பொருளின் எடையோடு ஒப்பிடுவார். இப்படி அவர் கண்ட ஒப்படர்த்திக் கணக்குகள் இன்றைய அளவுகளுக்கு மிக நெருக்கமானவை. தங்கத்தில் செம்பு கலந்திருந்தால் இந்தச் சோதனையில் தெரிந்துவிடும்.

முதுமையில் கிதாபுல் ஜமாஹிர் என்ற நூலில் இரத்தினங்களையும் உலோகங்களையும் விவரித்தார். மரகதத்தைப் பார்த்தால் பாம்பின் கண் குருடாகும் என்று அக்காலத்தில் பலரும் நம்பினார்கள். அவரோ பாம்புக்கு மரகத மாலையே அணிவித்து, ஒன்பது மாதம் சோதித்தார். பாம்பின் பார்வைக்கு ஒன்றும் ஆகவில்லை. எழுபது வயதைக் கடந்து கஸ்னியில் வஃபாத்தானார்.

நம் கொங்கு மண்ணும் கற்களுக்குப் பெயர் பெற்றதுதான். மரகதத்தின் இனமான பெரில் கல் காங்கேயம் அருகே படியூரில் கிடைத்தது. நொய்யல் கரையின் கொடுமணலில் 2000 ஆண்டுகளுக்கு முன்பே கல்மணிகள் செய்ததை அகழாய்வுகள் காட்டுகின்றன.

இன்றோ, இந்தக் கல்லைப் போட்டால் கடன் தீரும், அந்தக் கல்லைப் போட்டால் கண்ணேறு விலகும் என்று சொல்லி விற்கிறார்கள். கடன் வாங்கிக் கல் வாங்குவோரும் உண்டு. அழகுக்காக மோதிரத்தில் கல் பதிப்பது வேறு. நன்மையும் தீமையும் அதன் கையில் இருப்பதாக நம்புவது வேறு. அவை அல்லாஹ்வின் நாட்டப்படியே நடக்கின்றன என்பது நம் ஈமான். கேட்டதை எல்லாம் நம்பாமல் சோதித்துப் பார்த்த அல்பிரூனியின் கதையை நம் பிள்ளைகளுக்குச் சொல்வோம்.

பயனுள்ள கல்வியை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.